முப்பத்தேழு கண்ணிகளின் காவல்

உடலுக்குள் ஒரு புதிய கிருமி நுழைந்தால், அதை அடையாளங்கண்டு, அதற்கென்றே பொருந்தும் எதிர்ப்பொருள்களை இரத்தத்தில் போதிய அளவு உருவாக்க நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு ஒரு வாரம் வரையிலும் அதற்கு மேலும் ஆகிறது. ஆனால் சாதகமான சூழல் வாய்த்த பாக்டீரியா ஒன்று இருபது நிமிடத்துக்கொருமுறை இரண்டாகப் பிளந்துகொண்டே போனால், பத்து மணி நேரத்தில் அதன் சந்ததி நூறு கோடியைத் தாண்டிவிடும். இந்தக் கணக்கின்படி பார்த்தால் சமையலறைக் கத்தி பட்ட விரலும், காலில் குத்திய முள்ளும் ஒவ்வொரு முறையும் உயிருக்கு உலை வைத்திருக்க வேண்டும். அப்படி நேராமல் இருப்பதற்குக் காரணம், எதிர்ப்பொருள்கள் வந்துசேரும்வரை காத்திராமல், பிறக்கும்போதே உடன்வரும் வேறொரு பாதுகாப்பு தோலிலும் சளிப்படலங்களிலும் வெள்ளையணுக்களிலும் எப்போதும் ஆயத்தமாக நிற்பதுதான். அந்தப் பாதுகாப்பின் முக்கியமான உறுப்புகளில் ஒன்று, அமினோ அமிலங்கள் எனப்படும் கண்ணிகள் முப்பத்தேழு கோக்கப்பட்ட ஒரு சிறு சங்கிலி. ஆய்வாளர்கள் அதை எல்எல்-37 என்று அழைக்கிறார்கள். புரதங்களும் இதே கண்ணிகளால் ஆனவையே. ஆனால் அவை நூற்றுக்கணக்கில் நீளுபவை. ஐம்பதுக்கும் குறைவான கண்ணிகள் கொண்ட குறுஞ்சங்கிலியைப் பெப்டைடு என்று சொல்வது வழக்கம்.

இப்படியொரு பொருள் மனித உடலில் இருக்கக்கூடும் என்ற எண்ணத்தை விதைத்தவை ஓர் அந்துப்பூச்சியும் ஒரு தவளையும். பூச்சிகளுக்கு எதிர்ப்பொருள்களை உருவாக்கும் ஆற்றல் கிடையாது. இருந்தும் அழுகலிலும் குப்பையிலும் அவை நலமாக வாழ்கின்றன. இதன் காரணத்தைத் தேடிய ஸ்வீடன் நாட்டு ஹான்ஸ் போமனின் குழுவினர், செக்ரோப்பியா என்னும் பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுக்களுக்குள் பாக்டீரியாவைச் செலுத்தி, அதன்பின் அவற்றின் உடல்நீரில் தோன்றிய கிருமிக்கொல்லிப் பெப்டைடுகளைப் பிரித்தெடுத்து, 1981இல் செக்ரோப்பின் என்ற பெயரில் உலகுக்கு அறிவித்தனர். அமெரிக்காவில் மைக்கேல் சாஸ்லாஃப் ஆய்வுக்காக ஆப்பிரிக்கத் தவளைகளை அறுத்துத் தைத்து, கிருமிகள் மலிந்த தொட்டி நீரிலேயே திரும்ப விட்டுவந்தார். அந்தப் புண்கள் சீழ் கோக்காமல் ஆறுவதைக் கவனித்து, தவளையின் தோலிலேயே விடை இருக்க வேண்டும் என்று தேடி, 1987இல் மெகைனின் என்ற பெப்டைடுகளைக் கண்டார். கேடயத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. சீழ் பிடிக்காமையும் புண் ஆறுதலும் அந்தத் தவளையில் ஒருங்கே நிகழ்ந்தன என்பது அன்று பெரிதாகப் பேசப்படவில்லை. எல்எல்-37 பற்றிய ஆய்வு வளர வளர அதன் பொருள் விளங்கியது.

மனிதப் பெப்டைடு 1995இல், ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களின் கைக்கு வந்தது. ஸ்டாக்ஹோமில் பிர்கிட்டா ஆகெர்பெர்த், குட்முண்டுர் குட்முண்ட்சன் ஆகியோர் போமனுடன் சேர்ந்து, பன்றியில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்த ஒரு பெப்டைடைத் துப்பாகக் கொண்டு மனித எலும்பு மஜ்ஜையில் அதன் உறவினரைத் தேடினர். மரபணுவின் எழுத்துவரிசையை மட்டும் படித்து, முதிர்ந்த பெப்டைடு முப்பத்தொன்பது கண்ணிகள் கொண்டிருக்கும் என்று கணித்தனர். மறு ஆண்டு வெள்ளையணுக்களிலிருந்து உண்மையான பொருளையே பிரித்தெடுத்துப் பார்த்தபோது கணக்கில் இரண்டு கண்ணிகள் குறைந்தன. சங்கிலி லியூசின் என்னும் அமினோ அமிலம் இரண்டுடன் தொடங்கியது. லியூசினின் குறியெழுத்தான எல் இருமுறையும், கண்ணிகளின் எண்ணிக்கையும் சேர்ந்து எல்எல்-37 என்ற பெயர் நிலைத்தது. கேதலிசிடின் என்னும் பெப்டைடுக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. மாட்டுக்கும் பன்றிக்கும் இந்தக் குடும்பத்தில் பல உறுப்பினர்கள் உண்டு. மனிதருக்கோ ஒன்றே ஒன்றுதான், அதைத் தரும் மரபணுவும் மூன்றாம் குரோமோசோமில் ஒன்றே ஒன்றுதான்.

இந்தச் சங்கிலியைச் சற்று அருகில் வைத்துப் பார்த்தால் அதன் வேலைத்திறன் எங்கிருந்து வருகிறது என்பது புலப்படும். முப்பத்தேழு கண்ணிகளில் ஆறு லைசின், ஐந்து அர்ஜினின். இந்தப் பதினொன்றும் நேர்மின்னூட்டம் கொண்டவை. எதிர்மின்னூட்டம் கொண்டவை ஐந்து. கழித்தால் மிஞ்சும் நிகர மின்னூட்டம் நேர்ப்பக்கம் ஆறு. தூய நீரில் இந்தச் சங்கிலி குறிப்பிட்ட வடிவமின்றி நூல்போலத் துவண்டு கிடக்கும். உடல்நீரிலுள்ள உப்புகளின் நடுவிலும், செல்லின் சவ்வு எதிர்ப்படும்போதும், முறுக்கிய கயிறுபோலச் சுருண்டுகொள்ளும். அவ்வாறு சுருளும்போது எண்ணெய்ப் பசையை நாடும் கண்ணிகள் எல்லாம் ஒரு பக்கமாகவும், நீரை நாடும் மின்னூட்டக் கண்ணிகள் மறுபக்கமாகவும் ஒதுங்கிவிடுகின்றன. நீளவாக்கில் ஒரு பக்கம் எண்ணெய் தடவி மறுபக்கம் நனைத்துவைத்த குச்சியைப் போன்றது அந்தச் சுருள். பாக்டீரியாச் சவ்வின் வெளிப்புறம் எதிர்மின்னூட்டம் மிகுந்தது. மனிதச் செல்லின் வெளிப்புறமோ பெரும்பாலும் மின்னூட்டமற்றது, அதற்கு மேல் கொலஸ்ட்ரால் கலந்து உறுதிப்பட்டது. எனவே இந்தச் சுருள் பாக்டீரியாவின் பக்கமே ஈர்க்கப்படுகிறது. ஒட்டிக்கொண்டபின் எண்ணெய்ப் பக்கத்தைச் சவ்வுக்குள் புதைத்து, பல சுருள்கள் சேர்ந்து சவ்வைக் குலைத்துவிட, உள்ளிருக்கும் உப்புகளும் பிறவும் கசிந்து கிருமி மடிகிறது. பென்சிலின் போன்ற மருந்துகள் கிருமியின் குறிப்பிட்ட சில நொதிகளை மட்டும் தாக்குவதால், அவற்றைச் சற்றே மாற்றிக்கொண்டு கிருமியால் தப்பிவிட முடிகிறது. சவ்வு முழுவதையும் மாற்றிக்கொள்வது அத்தனை எளிதன்று. உயிரினங்கள் பல கோடி ஆண்டுகளாக இந்த வகை ஆயுதத்தைக் கைவிடாமல் வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

இவ்வளவு வலிய பொருளை உடல் வைத்துக்கொள்ளும் முறை வியப்புக்குரியது. முதலில் உருவாவது எல்எல்-37 அன்று. அதைத் தன் வால்முனையில் தாங்கிய, நூற்றெழுபது கண்ணிகள் கொண்ட ஒரு முன்னோடிப் புரதம். அது கிருமியை ஒன்றும் செய்யாத நிலையில், நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளையணுக்களின் உள்ளே ஒருவகைச் சிறுமணிகளில் அடைத்துவைக்கப்படுகிறது. வால்முனையை வெட்டி எல்எல்-37ஐ விடுவிக்கும் கத்திரியான புரோட்டினேஸ்-3 என்னும் நொதியோ, அதே வெள்ளையணுவில் வேறொரு வகைச் சிறுமணிகளில் தனியே பூட்டப்பட்டிருக்கிறது. இரு சிறுமணிகளும் தம் சரக்கை வெளியே கொட்டும்போதுதான் கத்திரியும் சங்கிலியும் சந்திக்கின்றன. தீப்பெட்டியையும் வெடிமருந்தையும் ஒரே அறையில் வைக்காத எச்சரிக்கை இது. தோலில் இந்த வெட்டும் வேலையைக் கல்லிக்ரெயின் என்னும் வேறு நொதிகள் செய்கின்றன. எங்கே, எப்போது, சங்கிலியின் எந்த இடத்தில் வெட்டுவது என்பதில் உடல் காட்டும் இந்தக் கட்டுப்பாடு பிசகினால் நேரும் விளைவுகள் பின்னர் வரும்.

வெள்ளையணுக்களில் மட்டும் இது குடியிருப்பதில்லை. நுரையீரல் குழாய்களின் உட்பரப்பிலும், பெருங்குடலிலும், சிறுநீர்ப்பாதையிலும், உமிழ்நீரிலும், வியர்வையிலும், தாய்ப்பாலிலும் எல்எல்-37 காணப்படுகிறது. பிறந்த குழந்தையின் உடலெங்கும் மெழுகுபோல ஒட்டியிருக்கும் வெண்பூச்சிலும் அது உண்டு.

ஒரு பொருளின் தேவையை அறியச் சிறந்த வழி, அது இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. வட ஸ்வீடனில் சில குடும்பங்களில் பரம்பரையாக வந்த ஒரு நோயை ரோல்ஃப் கோஸ்ட்மன் என்ற மருத்துவர் 1956இல் விரிவாக விவரித்தார். அந்தக் குழந்தைகளின் இரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் ஏறக்குறைய இல்லாததால் அவர்கள் சிறு வயதிலேயே தொற்றுகளுக்குப் பலியானார்கள். பிற்காலத்தில் வெள்ளையணுக்களைப் பெருக்கும் ஊக்கி மருந்து வந்து அவர்களின் உயிரைக் காத்தது. எண்ணிக்கையில் வெள்ளையணுக்கள் தேறியும், அவர்களின் ஈறுகள் மட்டும் மீண்டும் மீண்டும் வீங்கிச் சீழ்பிடித்துப் பற்கள் ஆடத் தொடங்கின. 2002இல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் அந்த வெள்ளையணுக்களைத் திறந்து பார்த்தபோது, அவற்றில் எல்எல்-37 இல்லை என்பது தெரியவந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்ற நோயாளியிடம் மட்டும் அது இருந்தது, ஈறு நோயும் அவருக்கு இல்லை. காவலர்களின் எண்ணிக்கை சரியாக இருந்தும் கையில் ஆயுதம் இல்லாத நிலை அது. அதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்காவின் சான் டியேகோவில் ரிச்சர்ட் காலோவின் ஆய்வகத்தைச் சேர்ந்தோர், எலிகளில் இதற்கு இணையான மரபணுவை நீக்கிவிட்டு அவற்றின் தோலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைச் செலுத்தியபோது, சாதாரண எலிகளைக் காட்டிலும் பெரிய, ஆற நாளாகும் புண்கள் தோன்றியதைக் காட்டியிருந்தனர்.

கிருமியைக் கொல்வதோடு இதன் வேலை முடிந்துவிட்டால் இதைப் பற்றி இத்தனை ஆய்வுகள் எழுந்திருக்கமாட்டா. இரத்தத்தில் இயல்பாக இருக்கும் உப்பும் புரதங்களும் சூழ்ந்த நிலையில் எல்எல்-37இன் கொல்லும் வலிமை கண்ணாடிக் குழாயில் தெரிந்ததைவிடப் பெரிதும் குறைகிறது. அதனால், உடலுக்குள் இதன் முதன்மைப் பணி கிருமியைக் கொல்வதா, அல்லது உடலின் செல்களுக்குச் செய்தி சொல்வதா என்ற கேள்வியைக் கனடாவின் ராபர்ட் ஹேன்காக் போன்றோர் எழுப்பினர். செய்தி சொல்லும் ஆற்றலுக்குச் சான்றுகள் ஏராளம். செல்களின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகள் என்னும் புரதங்களோடு இணைந்து, இது வெள்ளையணுக்களை நோயிடத்துக்கு அழைத்துவருகிறது. செத்த கிருமிகளின் உடலிலிருந்து கசிந்து கடுங்காய்ச்சலையும் இரத்த அழுத்தச் சரிவையும் உண்டாக்கும் நச்சைப் பிடித்துக் கட்டுகிறது. கொல்லப் போதாத மிகச் சிறிய அளவில்கூட, கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசின் போர்த்திக் கூட்டமாகத் தங்குவதைத் தடுக்கிறது. புண்ணின் ஓரத்தில் இருக்கும் தோல் செல்களை நகரத் தூண்டுவதும், புதிய இரத்தக் குழாய்களைத் துளிர்க்கச் செய்வதும் இதன் வேலைகளில் அடங்கும். கிருமியைக் கொல்லுதலும் புண்ணை ஆற்றுதலும் இரு துறைகள் என்று பிரித்துப் பார்ப்பது மனிதரின் வசதிக்காகத்தான். தோலைப் பொறுத்தவரை கிருமியை விரட்டுவதும் வாசலை அடைப்பதும் ஒரே வேலையின் இரு பாகங்கள்.

புண் ஆறும் விதத்தை ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தினர் 2003இல் நுணுக்கமாகப் பின்தொடர்ந்தனர். நலமான தோலில் புண் ஏற்படுத்திப் பார்த்தபோது, எல்எல்-37இன் அளவு இரண்டு நாள்களில் உச்சத்தைத் தொட்டு, புண்ணின் வாய் மூடியதும் பழைய நிலைக்கு இறங்கியது; அப்பெப்டைடு புதிதாக நகர்ந்துவரும் மேல்தோலிலேயே மிகுந்திருந்தது. ஆய்வகத்தில் உயிரோடு காக்கப்பட்ட தோல்துண்டுகளில், எல்எல்-37ஐ மட்டும் பிடித்துக்கட்டும் எதிர்ப்பொருளைச் சேர்த்தால் காயம் மூடுவது தடைப்பட்டது. மாதக்கணக்கில் ஆறாத புண்களின் ஓரத்து மேல்தோலிலோ இந்தப் பெப்டைடைக் காணவே முடியவில்லை. வெரிகோஸ் நோயால் கணுக்காலுக்கு மேல் வந்து, மூடுவதுபோல மூடி மறுபடி திறந்துகொள்ளும் புண்ணை வீட்டில் யாருக்கேனும் பார்த்தவர்கள், ஓரம் தடித்து வெளுத்து உள்நோக்கி ஒரு நூலளவுகூட நகராமல் நிற்கும் அந்தத் தோலை அறிவார்கள். அங்கே இல்லாமற்போனது இதுதான் என்றால், அதை வெளியிலிருந்து கொடுத்துப் பார்ப்பது இயல்பான அடுத்த படி.

அவ்வாறே செய்யப்பட்ட முதல் மருத்துவ ஆய்வின் முடிவு 2014இல் வெளியானது. ஆறாத கால் புண் கொண்ட 34 பேருக்கு, வாரம் இருமுறை வீதம் நான்கு வாரங்கள் எல்எல்-37 கரைசலோ மருந்தற்ற கரைசலோ புண்ணில் இடப்பட்டது. மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இட்டவர்களின் புண், மருந்தற்ற கரைசல் இட்டவர்களின் புண்ணைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு விரைவிலும், 1.6 மில்லிகிராம் இட்டவர்களின் புண் மூன்று மடங்கு விரைவிலும் சுருங்கியது, 3.2 மில்லிகிராம் இட்டவர்களுக்கோ எந்தப் பயனும் இல்லை. கூடக்கூடப் பயனும் கூடும் என்ற வழக்கமான எதிர்பார்ப்பு இங்கே தலைகீழானது. இந்தப் பெப்டைடைப் பற்றிப் படிக்கும் எவரும் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டிய எண்கள் இவை மூன்றுமே. ஏனெனில் பிற நோய்களில் இது காட்டும் முரண்பட்ட முகங்களுக்கும் அளவே திறவுகோல். 148 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2021இல் வெளியான அடுத்த ஆய்வில், இறுக்கக் கட்டு போடும் வழக்கமான சிகிச்சையோடு எல்எல்-37ஐச் சேர்த்தபோது, மொத்தத்தில் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் தென்படவில்லை. பத்துச் சதுர சென்டிமீட்டரும் அதற்கு மேலும் விரிந்த பெரிய புண்களில் மட்டும் பயன் இருப்பதாகப் பின்னர் செய்த பகுப்பாய்வு காட்டியது. பின்னர் பிரித்துப் பார்த்துக் கிடைத்த முடிவை மற்றோர் ஆய்வு உறுதிசெய்யும்வரை நம்பிக்கையாக மட்டுமே கொள்ள வேண்டும். இந்தோனேசியாவில் சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணில் எல்எல்-37 களிம்பைப் பயன்படுத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், புண்ணின் அடியில் சிவந்த புதுத்தசை வளர்வது மேம்பட்டது. ஆனால் புண்ணில் இருந்த பாக்டீரியாக்களின் எண்ணிக்கை குறையவில்லை. கிருமிக்கொல்லி என்று பெயர் பெற்ற ஒன்று, கிருமியைக் குறைக்காமலே புண்ணை ஆற்ற உதவியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்குத் தோல்நோய்கள் சாட்சி. எக்சிமா என்னும் கரப்பான் நோயும் சொரியாசிஸ் என்னும் செதிலுதிர் நோயும் தோலின் காப்பைக் குலைப்பவையே. ஆனாலும் கரப்பானில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி அடிக்கடி தொற்றுகிறது, சொரியாசிஸில் தொற்று அரிது. 2002இல் வெளியான ஆய்வொன்று இதற்கு விளக்கம் தந்தது: சொரியாசிஸ் தோலில் எல்எல்-37 மிகுந்திருக்கிறது, கரப்பான் தோலில் அது குன்றியிருக்கிறது. அப்படியானால் சொரியாசிஸ் நோயாளிக்கு இது நன்மையா என்றால், இல்லை. செல்கள் சிதையும்போது வெளிவரும் சொந்த டி.என்.ஏவை உடல் வழக்கமாகச் சத்தமின்றிச் சிதைத்துவிடும். டி.என்.ஏ எதிர்மின்னூட்டம் கொண்டது; எல்எல்-37இன் ஆறு நேர்மின்னூட்டம் பாக்டீரியாவைப் பிடிப்பதுபோலவே இதையும் இறுகப் பிடித்துப் பொதிந்து, சிதையாமல் காத்து, நோயெதிர்ப்புச் செல் ஒன்றின் உள்ளே கொண்டுசேர்க்கிறது. அந்தச் செல் தன் உடலின் டி.என்.ஏவையே வைரஸின் டி.என்.ஏ என்று கருதி, இன்டர்ஃபெரான் என்னும் அபாயச் செய்தியைப் பரப்பத் தொடங்குகிறது. 2007இல் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்பு, சொரியாசிஸ் பற்றிய புரிதலையே மாற்றியது. அதே ஆண்டில் காலோவின் குழு, முகம் சிவந்து கொப்பளிக்கும் ரொசேசியா நோயில் பெப்டைடு மிகுந்திருப்பதோடு, வெட்டும் நொதியும் அளவுக்கு மேல் வேலைசெய்து, அது வேறு வேறு துண்டுகளாக நறுக்கப்படுவதைக் காட்டியது. அத்துண்டுகளை எலியின் தோலில் செலுத்தியபோது அங்கேயும் சிவப்பும் அழற்சியும் தோன்றின.

சூரிய ஒளிக்கும் இந்தப் பெப்டைடுக்கும் உள்ள உறவு தனிக்கதை. எல்எல்-37க்கான மரபணுவின் வாசலில், வைட்டமின் டி வந்து அமர்ந்து அதை இயக்கக்கூடிய ஓர் இருக்கை இருக்கிறது. எலிகளில் அந்த இருக்கை இல்லை. மனிதரும் குரங்கினங்களும் அடங்கிய முதனி இனத்தில்தான் அது உண்டு, ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே காக்கப்பட்டும் வந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வாளர்கள் 2006இல் இதன் பயனை எடுத்துக்காட்டினர்: காசநோய்க் கிருமியை உணர்ந்த விழுங்குசெல், இரத்தத்தில் உள்ள வைட்டமின் டியைத் தானே முழு வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றி, அதைக் கொண்டு எல்எல்-37ஐ உருவாக்கி, உள்ளே பதுங்கியிருக்கும் கிருமியைத் தாக்குகிறது. வைட்டமின் டி குறைந்த இரத்தநீரில் வளர்த்த செல்களால் அதைப் போதிய அளவு உருவாக்க முடியவில்லை. வைட்டமினைச் சேர்த்ததும் முடிந்தது.

இந்தச் செய்தி தமிழ்நாட்டு வாசகருக்குத் தாம்பரத்தை நினைவூட்டக்கூடும். இங்கிலாந்தில் கணித மேதை இராமானுஜனுக்கும் மருத்துவம் பார்த்த சௌரிமுத்து என்ற மருத்துவர், காசநோய்க்குத் திறந்த காற்றும் வெயிலும் ஓய்வுமே மருந்து என்று நம்பி 1928இல் அங்கே நிறுவிய சானடோரியம், இன்று ஒரு ரயில் நிலையத்தின் பெயராகவும் வாழ்கிறது. கிருமியைக் கொல்லும் மாத்திரை எதுவும் இல்லாத அந்தக் காலத்து வெயில் சிகிச்சைக்கு எல்எல்-37 ஒரு விளக்கமாகலாம் என்ற எண்ணம் பலரைக் கவர்ந்தது உண்மை. ஆனால் அழகான விளக்கம் வேறு, மருந்து வேறு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் பங்கேற்ற, 2015இல் வெளியான இந்திய ஆய்வில், காசநோய் மாத்திரைகளோடு அதிக அளவு வைட்டமின் டியைச் சேர்த்துக் கொடுத்தும் சளியிலிருந்து கிருமி மறைவது விரைவுபடவில்லை. மங்கோலியாவில் 8,851 பள்ளிக் குழந்தைகள் பங்கேற்ற ஆய்வில், ஒரு பிரிவினருக்கு மூன்றாண்டுகள் வாரந்தோறும் வைட்டமின் டி கொடுத்தும் காசநோய்த் தொற்று குறையவில்லை என்று 2020இல் தெரிந்தது. செல்லில் மெய்யென்று தெரிந்த ஒரு வழி, மனித உடலின் ஆயிரம் குறுக்குவழிகளுக்கு நடுவே போய்ச் சேரும் இடத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதை இந்த ஆய்வுகளை நேர்மையாக நடத்தியவர்கள் உலகுக்கு உணர்த்தினார்கள். எதிர்மறை முடிவை வெளியிடுவதற்கும் துணிவு வேண்டும்.

பெப்டைடை வெளியிலிருந்து கொடுப்பதற்குப் பதிலாக உடலையே உருவாக்கச் சொல்லும் முயற்சி, வங்கதேசத்தின் டாக்காவில் உள்ள சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்தில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. இரத்தமும் சளியுமாகப் போகும் சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமி, குடலின் உட்பரப்பில் எல்எல்-37 உற்பத்தியையே அடக்கிவிடுகிறது என்பதை ஸ்வீடன் ஆய்வாளர்களும் டாக்காவினரும் இணைந்து 2001இல் கண்டறிந்தனர். கதவை உடைக்குமுன் காவலாளியின் விளக்கை அணைப்பது போன்ற தந்திரம் அது. அணைந்த விளக்கை ஏற்ற அவர்கள் தேர்ந்தது பியூட்டிரேட் என்னும் எளிய பொருள். உணவிலுள்ள நார்ச்சத்தைப் பெருங்குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் புளிக்கவைக்கும்போது இயல்பாகவே உண்டாவது. சீதபேதி வந்த முயல்களுக்கு அதைக் கொடுத்தபோது பெப்டைடு மீண்டும் தோன்றி நோய் தணிந்ததை டாக்கா மையத்தின் ருபானா ரக்கீபும் ஆகெர்பெர்த்தும் அடங்கிய குழு 2006இல் அறிவித்தது. மனித நோயாளிகளிலும் பியூட்டிரேட் கொடுத்தவர்களின் மலக்குடலில் எல்எல்-37 முன்னதாகவே கூடி, அழற்சி முன்னதாகவே தணிந்தது.

கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. தோலைத் தின்னும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ், ஆறாத புண்களில் பச்சைச் சீழாகத் தெரியும் சூடோமோனாஸ் ஆகியவை எல்எல்-37ஐத் துண்டாடும் நொதிகளைச் சுரக்கின்றன. ஸ்டஃபைலோகாக்கஸ் தன் சவ்வின் எதிர்மின்னூட்டத்தையே குறைத்துக்கொண்டு அதன் ஈர்ப்பிலிருந்து நழுவுகிறது. எனவே இந்தப் பெப்டைடுக்கு எதிராக எந்தக் கிருமியும் தலையெடுக்க முடியாது என்று சில இடங்களில் எழுதப்படுவது மிகை. செயற்கையாகத் தயாரிக்க ஆகும் செலவும், உடலின் நொதிகளால் விரைவில் சிதைந்துபோவதும் மருந்தாக்கத்துக்கு மேலும் இரு தடைகள். இதைக் கருதி, மூலச் சங்கிலியைச் சுருக்கியும் கண்ணிகளை மாற்றியும் உறுதியான வடிவங்கள் ஆக்கப்படுகின்றன. நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள், தாம் உருவாக்கிய எஸ்ஏஏபி-148 என்ற பெப்டைடு மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் எலிகளின் தோலில் அழித்ததை 2018இல் காட்டினார்கள்.

புற்றுநோயில் இதன் போக்கு கவலைக்குரியது. செல்களை நகரச் சொல்வதும் இரத்தக் குழாய்களைத் துளிர்க்கச் செய்வதும் புண்ணுக்கு நன்மை. புற்றுக்கட்டிக்கும் அவையே தேவை. சூலகம், மார்பகம், நுரையீரல் ஆகியவற்றின் கட்டிகளில் எல்எல்-37 வளர்ச்சிக்குத் துணைபோவதாகவும், இரைப்பை, பெருங்குடல் கட்டிகளில் எதிராக நிற்பதாகவும் ஆய்வுகள் சுட்டுகின்றன. இவ்வளவு தெரிந்திருந்தும், நோயெதிர்ப்பைக் கூட்டும் ஊசி என்ற பெயரில் இதைக் குப்பிகளில் அடைத்து இணையத்தில் விற்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2023இல், மருந்துக்கடைகள் தாமே கலந்து கொடுப்பதில் பாதுகாப்புக் கேள்விகள் எழும் பொருள்களின் வரிசையில் எல்எல்-37ஐச் சேர்த்தது. புண்ணின் மேல் சில துளிகள் இடுவதிலேயே இரு மடங்கு கூடினால் பயன் மறைந்துபோகும் ஒரு பொருளை, அளவும் தேவையும் அறியாமல் இரத்தத்தில் ஏற்றிக்கொள்வது ஆபத்தான செயல்.

இந்த அறிவு எந்த ஊசியும் களிம்பும் இன்றிப் பயன்படக்கூடிய இடம் ஒன்று பிரசவ அறை. உலக சுகாதார நிறுவனம், பிறந்த குழந்தையை முதல் இருபத்துநான்கு மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம் என்கிறது. குழந்தையின் உடல் சில்லிட்டுப் போகாமல் காப்பதே அதன் முதன்மை நோக்கம். ஆனால் குளிப்பாட்டாத குழந்தையின் தோளிலும் கழுத்து மடிப்பிலும் தொடை இடுக்கிலும் தங்கிவிடும் அந்த வெண்பூச்சு, எல்எல்-37 உள்ளிட்ட கிருமிக்கொல்லிப் பெப்டைடுகளும் கொழுப்பும் கலந்து, கருவறையின் கடைசி மாதங்களில் குழந்தையின் தோலே தயாரித்துப் பூசிக்கொண்டது. ஈரத்தை மட்டும் மென்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பூச்சைத் தேய்த்து நீக்காமல், தாயின் மார்போடு சேர்த்து அணைத்து வைத்தால், அது ஓரிரு நாள்களில் தானாகவே தோலோடு கலந்து மறைந்துவிடுகிறது.